நாற்பத்தேழு பிக்ஸல்

ரூலரை முதலில் சென்டிமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் அம்மா. பிக்ஸலிலேயே வைத்துக்கொண்டு பேசினால் நமக்குள் ஒத்துப்போகாது. ஆங், இப்போது சரி. பக்கத்தைக் கொஞ்சம் தள்ளுங்கள். இன்னும். மேடையில் பெண் மாப்பிள்ளையோடு நாங்கள் நாலு பேரும் நிற்கிற படம். இதுதான். ஆல்பம் சாயங்காலம் பிரிண்டுக்குப் போய்விடும் என்று போனில் சொன்னார்கள், அதனால்தான் சாப்பிடாமல்கூட ஓடி வந்தேன்.

வலது ஓரத்தில் வெள்ளை வேட்டி, நான். எனக்குப் பக்கத்தில் அரக்குப் புடவை, என் வீட்டுக்காரி மனோன்மணி. இரண்டு தலைக்கும் மேலே ஒரு கோடு இழுங்கள். பார்த்தீர்களா, அவள் கோடு மேலே போகிறது. நாற்பத்தேழு பிக்ஸல். நீங்கள் பார்ப்பதற்கு அனுப்பிய ஃபைலை வீட்டில் போட்டு அளந்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பக்கம் முந்நூறு டிபிஐயில் இருக்கிறது, இன்ச்சுக்கு முந்நூறு பிக்ஸல். அப்படியென்றால் பேப்பரில் நாலு மில்லிமீட்டர். அந்த நாலு மில்லிமீட்டரை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் உயரமாக வரவேண்டும் என்று கேட்கவில்லை. சமமாக வந்தால் போதும்.

சிரிக்காதீர்கள். உங்கள் பெயர் என்ன, பெனிட்டாவா? இல்லை பெனிட்டா, இது அழகுக்காகக் கேட்கிறது இல்லை. பொதுவாக ஒரு படத்தில் கை வைப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் சில படங்களில் வைத்துத்தான் ஆகவேண்டும். நான் பேப்பர் ஆபீசில் விளம்பரப் பக்கம் போட்டவன். திருச்சி எடிஷனில் கண்ணீர் அஞ்சலி, மணமக்கள் வாழ்த்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள் எல்லாம் என் கையால்தான் போகும். விளம்பரத்தை சென்டிமீட்டர் கணக்கில் விற்பார்கள். எட்டு சென்டிமீட்டர் என்று எழுதி வந்தால் எட்டு சென்டிமீட்டர். அரை மில்லி குறைந்தாலும் ஆள் வந்துவிடுவான்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. சென்னையிலிருந்து ஒரு பையன் வந்து எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தான். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "தம்பி, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை பிக்ஸல்?"

"அது பொறுத்தது சார்."

"எதைப் பொறுத்தது?"

"நீங்க எவ்வளவு கொடுக்கிறீங்களோ அதைப் பொறுத்தது."

ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் யாராவது இப்படிச் சொல்வார்களா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டேன். அதனால் முதல் விளம்பரத்தை நானே போட்டேன். லால்குடிப் பக்கம் ஒரு பெரிய மிராசுதார் இறந்துபோயிருந்தார். ஸ்கிரீனில் வைத்துப் பார்த்தேன், எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஜம்மென்று இருந்தார். ஸ்கேலை ஸ்கிரீன் மேலேயே வைத்து அளந்தேன். மறுநாள் பேப்பரில் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. மகன்கள் வேனில் வந்தார்கள். "எங்கப்பாவைத் தபால்தலை மாதிரி போட்டிருக்கீங்களே சார்" என்றார்கள். பாடம் எடுத்தவன் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

அப்புறம் நானாகவே கற்றுக்கொண்டேன். ஸ்கிரீனுக்கு எழுபத்திரண்டு, அச்சுக்கு முந்நூறு. முந்நூறில் ஒரு சென்டிமீட்டருக்கு நூற்றுப் பதினெட்டு பிக்ஸல். இது மனதில் பதிந்துவிட்டால் போதும், உலகத்தில் எதையும் அளக்கலாம். நான் அளந்திருக்கிறேன்.

இழுக்கவும் செய்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. பத்து சென்டிமீட்டருக்கு இடம் வாங்குவார்கள், ஆள் ஒன்பதுதான் இருப்பார். மிச்ச இடத்தில் என்ன போடுவது? ஆளைத்தான் இழுக்க வேண்டும். எல்லோரும் முழுப்படத்தையும் பிடித்து இழுப்பார்கள், முகம் சுரைக்காய் மாதிரி ஆகிவிடும். நான் முகத்தைத் தொடமாட்டேன். பெல்ட் இருக்கிற இடத்தில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே மட்டும் பிடித்து இழுப்பேன். கால் எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்? ஒரு வட்டச் செயலாளரை அப்படி இழுத்ததற்கு அவர் வீட்டிலிருந்து அல்வா வந்தது. அந்த வழி நானே கண்டுபிடித்தது. என்னைத் தவிர இரண்டே பேருக்குத்தான் அது தெரியும். ஒருவன் எனக்குக் கீழே வேலை பார்த்த ஜமால், துபாய்க்குப் போய்விட்டான். இன்னொருத்தி என் மகள் சுபாஷிணி. பிளஸ் டூ லீவில் சும்மா இருக்கிறாளே என்று கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு அதெல்லாம் இப்போது மறந்திருக்கும்.

அவள் கல்யாண ஆல்பம்தானே இது. அவள் கதையைக் கேட்டால் நான் ஏன் இந்த நாலு மில்லிமீட்டருக்கு வந்து நிற்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். உட்காரலாமா? அந்த ஸ்டூல் போதும்.

சுபா நூற்று அறுபத்தேழு சென்டிமீட்டர். அவள் அம்மா வாகு. எங்கள் பக்கத்தில் நூற்று அறுபத்தேழுக்கு மேலே மாப்பிள்ளை தேடுவது சாதாரணம் இல்லை. ஜாதகம் பொருந்தும், உயரம் பொருந்தாது. உயரம் பொருந்தும், சுபாவுக்குப் பொருந்தாது. ஒருத்தன் நூற்று எண்பது, பல் டாக்டர். அவனை அவள் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டால் "கழுத்து வலிக்கும்பா" என்றாள். பெண்ணுக்குக் கழுத்து வலித்தால் என்ன அம்மா, அது ஒரு காரணமா?

அப்போதுதான் முகிலன் படம் வந்தது. சுபா போனுக்கு வந்தது. யார் அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. உயரம் எவ்வளவு என்றுதான் கேட்டேன்.

"அதெல்லாம் போடலைப்பா. படத்தைப் பாருங்க. உயரமாத்தான் தெரியுது" என்றாள்.

உண்மைதான். பையன் ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றான். நெடுநெடுவென்று கால். சிரித்த முகம். வண்டியில் இரண்டு ஹெல்மெட் தொங்கியது, பொறுப்பான பையன் என்று நினைத்தேன். பயோடேட்டாவையும் பார்த்தேன். அப்பா அழகேசன், துறையூரில் பெயிண்ட் கடை. பையன் வங்கியில் வேலை. சுபா வேலை பார்க்கிற அதே தில்லைநகர் கிளை. கல்யாணமானால் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய்வரலாம், பெட்ரோல் மிச்சம். எனக்கு முழுத் திருப்தி. மனோன்மணியிடம் சொன்னேன், "நாமளா தேடியிருந்தாகூட இப்படி அமைஞ்சிருக்காது." அவள் சுபாவைப் பார்த்தாள். சுபா சுவரைப் பார்த்தாள். வெட்கம்.

ஆனால் பெல்ட்டுக்குக் கீழே பார்க்கிற பழக்கம் எனக்குப் போகாது. மறுநாள் காலையில் படத்தை என் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பெரிதாக்கினேன். ஏதோ உறுத்தியது. ஆள் சரி, முகம் சரி. சட்டைப் பொத்தான் வட்டமாக இருக்கிறது. கீழே வந்தேன். வண்டிச் சக்கரம் வட்டமாக இல்லை.

வண்டி சரியாகப் பக்கவாட்டில் நிற்கிறது. பக்கவாட்டில் நின்றால் சக்கரம் வட்டமாகத்தான் இருக்க வேண்டும். அளந்தேன். அகலத்தில் ஐந்நூற்றுத் தொண்ணூறு பிக்ஸல், உயரத்தில் அறுநூற்று நாற்பது. முட்டை.

சுபா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.

"இங்க வா. இந்தச் சக்கரத்தைப் பாரு."

"பார்த்தேன்பா."

"என்ன தெரியுது?"

"சக்கரம் தெரியுது."

"வட்டமா இருக்கா?"

தோசைக் கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அப்புறம், "அங்க ரோடு சரியில்லைப்பா" என்றாள்.

வங்கியில் வேலை பார்க்கிறவள் பேசுகிற பேச்சா இது? உள்ளே தோசை கருகியது. நான் விடவில்லை. இழுத்தவன் கைகாரன் பெனிட்டா. முகத்தைத் தொடவில்லை. பெல்ட்டில் கோடு போட்டு, கீழே மட்டும் இழுத்து, தரையிலே நிழலைக்கூடச் சரி செய்திருக்கிறான். அச்சு அசல் என் வழி. எனக்கு உடனே ஜமால் மேல்தான் சந்தேகம் வந்தது. துபாயிலிருந்து இதெல்லாம் செய்துகொடுக்கிறானோ என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். அவன் "அண்ணே, நான் இப்ப கிரேன் ஓட்டறேன்" என்று எழுதினான். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இழுத்ததைச் சுருக்கிவிட்டேன். சக்கரத்தை வட்டமாக்கினால் ஆளும் பழையபடி ஆகிவிடுவான், இல்லையா? இனி சென்டிமீட்டர் வேண்டும். பிக்ஸலுக்கென்று நீளம் கிடையாது அம்மா, அந்தச் சென்னைப் பையன் சொன்னது ஒருவகையில் சரிதான், நாம்தான் கொடுக்க வேண்டும். படத்தில் நமக்கு நீளம் தெரிந்த ஒரு பொருள் இருந்தால் போதும். அதே மாடல் வண்டி எங்கள் அபார்ட்மெண்டில் இரண்டாம் மாடி சம்பத் வைத்திருக்கிறார். டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போய்ச் சக்கரத்தை அளந்தேன். அவர் பால் வாங்கிக்கொண்டு வந்தார்.

"என்ன சார், வண்டிய வாங்கப்போறீங்களா?"

"இல்ல சம்பத், மாப்பிள்ளைய அளக்கிறேன்."

அவர் பாலோடு மாடிக்குப் போய்விட்டார். சக்கரம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். மேலே வந்து கணக்குப் போட்டேன். முகிலன் நூற்று அறுபத்துமூன்று. சுபாவைவிட நாலு சென்டிமீட்டர் குறைச்சல்.

நானும் மனிதன்தானே, எனக்குச் சுருக்கென்றது. படத்தை இழுத்து அனுப்புகிறார்கள் என்றால் நம்மை என்னவென்று நினைத்திருக்கிறார்கள்? அதுவும் என்னிடம். பயோடேட்டாவில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். அழகேசன் எடுத்தார்.

"உங்க பையனைக் கீழ்ப்பக்கம் இழுத்திருக்கீங்க" என்றேன்.

"யாருங்க பேசறது?"

"சுபாஷிணியோட அப்பா."

"ஓ, வணக்கம் சார், வணக்கம். யாரை இழுத்தோம்?"

"முகிலனை. பெல்ட்டுக்குக் கீழ."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், அவன் நல்ல பையன் சார். உங்ககிட்ட யாரு என்ன சொன்னாங்க?" என்றார்.

"போட்டோவைச் சொல்றேன் சார். எட்டரை பர்சென்ட் இழுத்திருக்கு."

"நாங்க போட்டோவே அனுப்பலையே சார். எங்களுக்கு அனுப்பத் தெரியாது. உங்க பொண்ணுகிட்டதான் நெறைய இருக்குமே."

பாருங்கள், பழியைத் தூக்கி யார் மேல் போடுகிறார்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

வீட்டில் சொல்லிவிட்டேன், இது வேண்டாம் என்று. சுபா அழவில்லை, சண்டை போடவில்லை. எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாலு சென்டிமீட்டர்னா எத்தனை பிக்ஸல்பா?"

அவள் இப்படி ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "எதுல பார்க்கறேங்கறதைப் பொறுத்தது" என்றேன்.

"போன்ல. ரெண்டு பேரும் முழுசா நிக்கிற படம்னு வச்சுக்குங்க."

மனக்கணக்காகவே போட்டேன். "இருபது, இருபத்தொண்ணு வரும்."

"இருபது பிக்ஸலுக்காகவாப்பா ஒருத்தனை வேண்டாங்கறீங்க?"

அப்போதுதான் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் சொன்னேன், "போன்ல இருபதும்மா. தெருவுல நடந்தா நாலு சென்டிமீட்டர். தெருவுக்கு டிபிஐ கிடையாது." நல்ல பதில்தானே? எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, வங்கியில் வேலை அதிகம் போலிருக்கிறது.

நான் ஏன் பிடிவாதமாக இருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். அனுபவத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் மனோன்மணிக்கும் அந்தப் பிரச்சினையே வந்ததில்லை. நாங்கள் ஒரே உயரம். எங்கள் கல்யாணப் படத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், நான் நிற்பேன், அந்தக் காலத்து ஸ்டைல் அது. அவளுக்குக் குதிகால் செருப்பு பிடிக்காது. செருப்பு நான்தான் வாங்குவேன், அட்டை மாதிரி தட்டையாகப் பார்த்து வாங்கிக்கொடுப்பேன், மறுபேச்சே கிடையாது. படிக்கட்டில் நின்று யாருடனாவது பேசினால் அவளே ஒரு படி கீழே நின்றுகொள்வாள். தெருவில் நடந்தால் கொஞ்சம் குனிந்தமாதிரி நடப்பாள். என் அம்மா எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவார்கள், அடக்கமான பெண் என்று. என்ன, அதனாலோ என்னவோ கழுத்து வலி. வருஷக்கணக்காக வலி. பிசியோதெரபிக்குப் போனோம். அந்தப் பெண், "நிமிர்ந்து நடங்கம்மா, வேற மருந்தே வேண்டாம்" என்றாள். மனோன்மணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் போய் ஃபீஸா என்று.

சரி, கதைக்கு வருகிறேன். நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் மனோன்மணி அவர்களை வரச்சொல்லிவிட்டாள். கேட்டால், "சும்மா வந்து பார்த்துட்டுப் போகட்டுமே, போட்டோவைத்தானே பார்த்தீங்க, ஆளைப் பார்க்கலையே" என்றாள். நியாயம்தான். எனக்கும் என் கணக்கு சரியா என்று பார்க்க வேண்டும். வாசல் நிலையில் நூற்று அறுபத்துமூன்றில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தேன், வெளியே தெரியாமல். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அழகேசன், அவர் மனைவி, முகிலன். செருப்பைக் கழற்றிவிட்டு முகிலன் உள்ளே வந்தான். நிலையைத் தாண்டும்போது பார்த்தேன். உச்சந்தலை கோட்டில் வந்து உட்கார்ந்தது. ஒரு மில்லி பிசகவில்லை. ஒரு படத்தை வைத்து, இழுத்த படத்தை வைத்து, ஒரு சக்கரத்தை வைத்து. எனக்கு எழுந்து அவன் கையைக் குலுக்க வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

"நூத்தி அறுபத்திமூணுதானே?" என்றேன்.

"ஆமா சார். வேலையில சேரும்போது மெடிக்கல்ல எடுத்தாங்க" என்றான். மறைக்கவே இல்லை. நான் எழுந்துபோய் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினேன். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என் காலா சார் இது? இவ்ளோ நீளமா?" என்று கேட்டுவிட்டு சுபாவைப் பார்த்தான். சுபா தட்டில் இருந்த மிக்சரை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். நன்றாகவே நடித்தான்.

அழகேசன் நேராகவே கேட்டுவிட்டார். "சார், உயரந்தான் உங்களுக்குக் கொறையா? வேற எதுவும் இல்லையே?"

"வேற எதுவும் இல்லை சார். ஆனா பார்க்கிறவங்க..."

மனோன்மணி காபித் தட்டோடு நின்றாள். தட்டை டீப்பாயில் வைத்தாள். "ஏங்க, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க" என்றாள். விருந்தாளிகள் இருக்கிறார்களே என்று எழுந்தேன். என் பக்கத்தில் வந்து நின்றாள். செருப்பு இல்லை, ஒன்றும் இல்லை, வெறுங்கால். சுவரில் முதுகை ஒட்டினாள். அப்புறம் கழுத்தை நிமிர்த்தினாள்.

"உங்க டேப்பை எடுங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் அவள் குரல் எனக்குக் கொஞ்சம் மேலேயிருந்து வந்தது அன்றைக்குத்தான். சட்டைப்பையில் டேப் இருந்தது. நான் எடுக்கவில்லை. சுபா வந்து எடுத்துக்கொண்டாள். அம்மாவை அளந்தாள், என்னை அளந்தாள். "நூத்தி அறுபத்தாறு. நூத்தி அறுபத்திரண்டு. நாலு" என்றாள்.

அழகேசன் மனைவி மிக்சரைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தார். முகிலன் தரையைப் பார்த்தான்.

"இவரைக் கட்டின நாள்லேர்ந்து நான் குனிஞ்சே நடந்துட்டேன். அவ குனிய வேண்டாம்" என்றாள் மனோன்மணி. சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, காபி ஆறிவிடும் என்று எல்லோருக்கும் எடுத்துக்கொடுத்தாள்.

நான் சொன்னேன், அது துணி டேப், பழசு, சுருங்கியிருக்கும் என்று. யாரும் காதில் வாங்கவில்லை. ஆனால் எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது பெனிட்டா. பிசியோதெரபி வேலை செய்திருக்கிறது. முதுகெலும்பு நேரானால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடத்தான் செய்யும், நான் படித்திருக்கிறேன். பிறகு விசாரித்தால் அவளுக்குக் கழுத்து வலியும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டது. நாம் ஃபீஸ் கட்டியது வீணாகவில்லை என்று சொன்னேன். "இல்லைங்க, வீணாகலை" என்றாள்.

நானும் நியாயமானவன்தான். உட்கார்ந்து யோசித்தேன். எங்களுக்கு நாலு, அவர்களுக்கும் நாலு. நூற்று அறுபத்திரண்டுக்கு நூற்று அறுபத்தாறு, நூற்று அறுபத்துமூன்றுக்கு நூற்று அறுபத்தேழு. விகிதம் ஒன்றுதான். விகிதம் மாறாவிட்டால் படம் கெடாது, உங்களுக்கும் அதைத்தானே முதலில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? இதைச் சொல்லித்தான் நான் சம்மதம் கொடுத்தேன். அழகேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒரே கிளை என்றாலும் முகிலனும் சுபாவும் அன்றைக்குத்தான் முறைப்படி பார்த்துக்கொள்கிறார்கள், ஆனாலும் எழுந்து போகும்போது அவன் "சுபா, அந்த வண்டிச்சாவி" என்றான், அவளும் எடுத்துக்கொடுத்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள்.

இல்லை, அவர்கள் இரண்டு பேர் படத்தில் கை வைக்க வேண்டாம். சுபா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், ஒரு பிக்ஸல் தொடக்கூடாது என்று. பாருங்கள், ரிசப்ஷனுக்குக் குதிகால் செருப்பு வேறு போட்டிருக்கிறாள். மாப்பிள்ளையே வாங்கிக்கொடுத்தாராம். அது அவர்கள் விஷயம்.

என் விஷயம் இந்த நாலு மில்லிமீட்டர். வீட்டில் நடந்தது வீட்டோடு இருக்கட்டும் என்கிறேன். ஆல்பம் அப்படி இல்லை. சொந்தக்காரர்கள், ஆபீஸ்காரர்கள், சம்பத் வரைக்கும் பார்ப்பார்கள். மனோன்மணியைக் குறைக்க வேண்டாம், அது எனக்கே மனசு வரவில்லை, அன்றைக்கு நன்றாக நின்றிருக்கிறாள். என்னை இழுங்கள். வேட்டியில் இழுத்தால் காட்டிக்கொடுக்காது, மடிப்பு நேராகத்தான் ஓடுகிறது. இடுப்பில் கோடு, அதற்குக் கீழே நாற்பத்தேழு. ஒரே ஒரு ஜாக்கிரதை, என் காலடியில் தாம்பாளம் இருக்கிறது. அது வட்டம். அதை விட்டுவிட்டு இழுங்கள். எல்லாம் அந்தச் சக்கரத்தில் கற்றுக்கொண்டது.

என்ன, மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டீர்கள்? செய்யலாம் இல்லையா?

யார் வந்தார்கள்?

காலையிலா. மனோன்மணியா? மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றல்லவா சொன்னாள். இங்கே எதற்கு?

இந்தப் பக்கத்தையா பார்த்தாள்? இதையேவா?

பெரிதாகப் போட்டுத்தரச் சொன்னாளா. எவ்வளவு பெரிது, இருபத்துநாலுக்கு முப்பத்தாறா? இருபத்துநாலுக்கு முப்பத்தாறு இன்ச் என்றால் நடு ஹாலில் டிவிக்கு மேலேதான் இடம் இருக்கிறது. அதேதான் சொன்னாளா. ம். காசும் கொடுத்துவிட்டாளா.

இருங்கள். ஆல்பத்தில் இந்தப் படம் பன்னிரண்டுக்குப் பதினெட்டு. அப்படியென்றால் நேர் இரட்டிப்பு. கேமரா ஃபைல் நாலாயிரம் பிக்ஸல் உயரம்தானே, இருபத்துநாலு இன்ச்சுக்கு நூற்று அறுபத்தாறு டிபிஐ வரும். சுவரில் மாட்டுவதற்கு அது போதும், தள்ளி நின்றுதானே பார்ப்போம். ஆனால் இரட்டிப்பானால் இதுவும் இரட்டிப்பாகும் அம்மா. நாலு மில்லிமீட்டர் எட்டாகும். எட்டு மில்லிமீட்டர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரியும். நீங்கள் அவளிடம் இதைச் சொன்னீர்களா?

சொன்னீர்களா. என்ன சொன்னாள்?

"தெரியட்டும்" என்றாளா. அவ்வளவுதானா, வேறு ஒன்றும் சொல்லவில்லையா?

ம்.

கொஞ்சம் ஜூம் பண்ணுங்கள். அவள் முகத்துக்கு. இன்னும் கொஞ்சம். கேமராவைத்தான் பார்க்கிறாள், இல்லையா? எங்கள் வீட்டில் இருக்கிற எந்தப் படத்திலும் அவள் கேமராவைப் பார்த்ததில்லை, எப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஃபோட்டோகிராஃபர் நல்ல பையன்.

சரி, விடுங்கள். என் வேட்டியைத் தொடாதீர்கள். ஆல்பத்தில் ஒரு மாதிரி, சுவரில் ஒரு மாதிரி இருந்தால் பார்க்கிறவர்கள் ஸ்கேல் எடுத்து அளக்க ஆரம்பித்துவிடுவார்கள். உலகத்தில் எல்லோரும் என்னை மாதிரி நியாயமாக இருக்கமாட்டார்கள்.

அந்தப் பெரிய பிரிண்டுக்கு மட்டும் ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வேண்டாம், மேட் ஃபினிஷ் போடுங்கள். எங்கள் ஹாலில் எதிர்ச் சுவரில் டியூப்லைட். கண்ணாடி போட்டால் வெளிச்சம் நேராக அவள் முகத்தில் அடிக்கும், அவளைப் பார்க்க முடியாமல் போய்விடும்.